தேன்பாறை ஜீப்பின் பிரேக்

அக்டோபர் 4, வெள்ளி

ஜீப்பை லாரியில் கட்டி இழுத்துவந்து தாவூது பாய் பட்டறையில் விட்டாயிற்று. போடியில் அந்தக் காலத்து ஜீப்பில் கை வைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது. கிடைத்திருந்தால் அங்கேதான் போயிருப்பேன். பாய்க்கும் என் டிரைவர் வீரணனுக்கும் பழக்கம் ஜாஸ்தி.

நடந்ததைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பிறகு யாரும் மாற்றிப் பேசக் கூடாது. 1964ஆம் வருஷத்து வண்டி. என் வீட்டுக்காரர் வாங்கியது. அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, தேன்பாறையில் எங்கள் ஏலத்தோட்டத்தை நான்தான் பார்க்கிறேன். போன மாதம் 27ஆம் தேதி சாயங்காலம் காய் எடுத்துவிட்டு ஆறு பெண்கள் ஜீப்பில் மலையிறங்கினார்கள். மூன்றாவது வளைவில் பிரேக் பெடல் அப்படியே தரையோடு போய்விட்டது. வீரணன் வண்டியை மலைப் பக்கத்து மண்மேட்டில் மோதி நிறுத்தினான். அவனுக்குக் கால் முறிந்தது. அந்தப் பெண்களில் பேச்சியம்மாளுக்குக் கழுத்தடிக் காறை எலும்பு. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. இந்தப் பக்கம் மேடு என்றால் அந்தப் பக்கம் எத்தனை அடிப் பள்ளம் என்று யாரும் அளந்ததில்லை.

எஸ்.ஐ. என்னை 24ஆம் தேதிக்குள் எழுத்தில் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். வீரணன் வண்டியில் கை வைத்ததால் பிரேக் போனது என்று நான் எழுதினால் கேஸ் அவன் மேல் போகும், லைசென்ஸும் போகும். எழுதத்தான் போகிறேன். ஆதாரம் இருக்கிறது. முதல் நாள் 26ஆம் தேதி மாலை அவன் ஸ்பேனரோடு பின் சக்கரத்துக்கு அடியில் படுத்துக் கிடந்ததைப் பக்கத்துத் தோட்டத்துக் காவலாளி சடையாண்டி பார்த்திருக்கிறான். பின் அச்சில் பிரேக் பைப் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கும் நட்டும் அசல் கிடையாது. அதை வீரணன் போன வருஷம் லேத்தில் கடைந்து போட்டான். அந்த நட்டுத்தான் என்று என் மனசு சொல்கிறது. கழற்றும்போது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

அக்டோபர் 5, சனி

காலை ஒன்பது மணியிலிருந்து பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கழற்றிய ஒவ்வொன்றையும் எண்ணி பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டேன். பழைய ஜீப்புச் சாமானுக்கு வெளியில் கிராக்கி அதிகம். பித்தளைத் துண்டுக்குக்கூட ஆள் அலைகிறது. இங்கே கழற்றுகிற நல்லது வேறு வண்டியில் ஏறிவிடும், நமக்கு வேறு வண்டியின் கழிசடை வந்து உட்காரும்.

பாய் சிரித்துக்கொண்டே, நட்டுகளை எண்ணியாயிற்று, என் பல்லையும் எண்ணிக்கொள்ளுங்கள், சாயங்காலம் குறைந்தால் கேட்கலாம் என்றார். எண்ணினால் குறையத்தான் செய்யும் என்றேன். அறுபது வயசுக்கு அவருக்குப் பல் வரிசை மோசம்தான்.

மதியம் அவர் சாப்பிடப் போனபோதும் நான் நகரவில்லை. வீட்டிலிருந்து எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

அக்டோபர் 7, திங்கள்

நான்கு சக்கரமும் கழற்றியாயிற்று. பிரேக் டிரம் நான்கும் நீலம் பாய்ந்து கிடந்தன. இப்படி நிறம் மாற வேண்டுமென்றால் வண்டி ரொம்ப நாள் பிரேக் பிடித்தபடியே ஓடியிருக்க வேண்டும் என்றார் பாய். பெடலில் காலை வைத்துக்கொண்டே ஓட்டினால் அப்படித்தான் ஆகும் என்றேன். வீரணன் அப்படி ஓட்டுகிறவன் இல்லை என்றார். பார்த்தேனே, பழக்கம் பேசுகிறது.

வீரணனைப் பற்றி இதையும் எழுதிவிடுகிறேன். ஆடி மாதம் ஷெட்டில் ஒரு கிரீஸ் டப்பா காணாமல் போனது. அன்றைக்கே ஷெட்டைப் பூட்டி, சாவியை அவனிடமிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. பத்தொன்பது வருஷமாக அவன் கையில் இருந்த சாவி. ஆவணியில் பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது, ஒரு டப்பா எடுத்துக்கொடுங்கள் மதினி என்று கேட்டான். (என் வீட்டுக்காரரை அவன் அண்ணன் என்பான், அதனால் நான் மதினி.) டப்பாவை அவன் கையில் கொடுப்பேனா? பாதியை ஊற்றி மீதியை விற்றுவிடுவான். அவன் காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த நேரம், வண்டியின் தரைத்தகட்டைத் தூக்கி நானே ஊற்றினேன். ஒரு சொட்டு சிந்தவில்லை.

அதற்குப் பிறகு என்ன ஆனது? டீசல் குறைய ஆரம்பித்தது. முன்பு ஒரு வாரம் வந்த டீசல் ஐந்து நாளில் தீர்ந்தது. ஷெட்டைப் பூட்டிவிட்டேன் என்பதால் டாங்கிலிருந்தே உறிஞ்சுகிறான் என்று தெரிந்துகொண்டேன். கேட்டதற்கு, வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது மதினி, எதுவோ பிடிக்கிறது, பாயிடம் காட்ட வேண்டும் என்றான். பாயிடம் காட்டினால் இவனுக்குக் கமிஷன். இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 9, புதன்

நட்டைக் கழற்றினார்கள்.

கசிவு இல்லை. நட்டைச் சுற்றிப் புழுதி படிந்து காய்ந்து கிடந்தது. ஆயில் கசிந்திருந்தால் புழுதி சேறாகி அப்பியிருக்கும், இங்கே பொட்டுக்கூட ஈரம் இல்லை என்று பாய் விரலால் தடவிக் காட்டினார். யாராவது துடைத்திருக்கலாம் என்றேன். ஒரு மாதப் புழுதியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் ஒரு மாதப் புழுதியைப் பூசுகிற ஆள் போடியில் இல்லையம்மா என்றார்.

பிறகு மாஸ்டர் சிலிண்டரைத் திறந்தார். டிரைவர் காலடியில் இருக்கும் இரும்பு உருளை அது. பெடலை மிதித்தால் அதிலிருந்துதான் ஆயில் பைப் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போய்ப் பிரேக்கை அமுக்கும். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷரை வெளியே எடுத்தார். ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பி, நசுக்கினால் பிய்ந்தது. ஒரு பக்கத்து உதடு மடிந்து திரும்பியிருந்தது. பாய் அதை மூக்கருகே கொண்டுபோனார். இரண்டு விரலுக்கு நடுவே ஆயிலைத் தேய்த்துப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இதுக்கு ஆயில் யாரும்மா ஊத்துனது?"

"வீரணன்தான்," என்றேன்.

அவர் வாஷரைத் துண்டுப் பேப்பரில் மடித்து, இதையும் உங்கள் டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார். ரப்பர் எல்லாம் போச்சு, மூன்று ரப்பர் ஹோஸும் உள்ளுக்குள் உப்பி அடைத்துவிட்டது, பைப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், 1964ஆம் வருஷத்துத் திருகு மரைக்குச் சாமான் கிடைப்பது கஷ்டம் என்றார்.

அக்டோபர் 10, வியாழன்

மழை. பட்டறைக்குப் போகவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. ஷெட்டைக் கழுவி மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கும் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தேன். மேல் தட்டில் பிரேக் ஆயில் டப்பா இரண்டு இருக்கிறது. ஒன்றின் சீல் உடைக்கவே இல்லை. இன்னொன்றைத் திறந்து பார்க்கவில்லை. நல்ல நாளில் எதற்கு.

பொரிகடலை வாங்க ஆள் வரவில்லை. வருஷா வருஷம் வீரணன்தான் எல்லாருக்கும் பிரித்துக் கொடுப்பான்.

அக்டோபர் 14, திங்கள்

மதுரைக்கு பஸ் ஏறினேன். பாயை அனுப்பினால் எதையாவது வாங்கிவந்து இதுதான் அசல் என்பார். பழைய பின் ஹோஸையும் நட்டையும் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். ஏழு கடை. ஆறு கடைக்காரர்கள் பார்த்தவுடனே உதட்டைப் பிதுக்கினார்கள். ஏழாவது ஆள் ஒரு புது ஹோஸை எடுத்து, அச்சு அசல் இதேதான் அக்கா என்றான். நட்டை அங்கேயே மாட்டிக் காட்டச் சொன்னேன். இரண்டு சுற்றுப் போய் இறுகிக்கொண்டது. ஸ்பேனர் போட்டு அழுத்தினால் தானாக ஏறிவிடும் என்றான். மரை வேறு மரை, அழுத்தினால் புது மரை வெட்டிக்கொண்டு ஏறும், பிறகு ஒரு நாள் கழன்றுவிடும் என்றேன். அப்படியானால் வெள்ளை டேப் சுற்றிக்கொள்ளுங்கள், தண்ணீர்க் குழாய்க்கே அது தாங்குகிறதே என்றான். உன் பெண்டாட்டியை அந்த வண்டியில் ஏற்றி மலையிறக்குவாயா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது இந்த மரை விஷயத்தை எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று யோசித்தேன். வீரணன். போன வருஷம் அந்த நட்டுக்காக அலைந்தபோது அடுப்படி வாசலில் நின்று அரைமணி நேரம் விளக்கினான். நான் குழம்பைக் கிண்டிக்கொண்டு, கதை அளக்கிறான் என்று நினைத்தேன்.

அக்டோபர் 16, புதன்

பழைய மரையில் ஹோஸ் கிடைக்காவிட்டால் புது ஹோஸுக்கும் பழைய மரைக்கும் நடுவில் போட ஒரு இணைப்பைப் பித்தளையில் கடைந்துகொள்ளலாம் என்று பாய் யோசனை சொன்னார். எந்த லேத் என்றால், வீரணன் போன அதே அருளப்பன் லேத். சரி, அங்கேயும் விசாரித்துவிடலாம் என்று போனேன்.

அருளப்பன் நான் யாரென்று தெரியாமல் பேசினார். போன வருஷம் ஒரு டிரைவர் இதே மாதிரி ஒரு நட்டுக்காக மூன்று நாள் வந்து உயிரை எடுத்தான், கடைந்து கொடுத்த இரண்டை வேண்டாம் என்று தள்ளிவிட்டான் என்றார். ஒரு மயிரிழை ஆடுகிறது என்று சண்டையாம். இவர், பழைய இரும்புக்கு இவ்வளவு போதாதா என்று கேட்டிருக்கிறார். அவன் சொன்னதை அவன் குரலிலேயே சொன்னார்: "ஆறு பொம்பளையாளுக ஏறுற வண்டிண்ணே. பைப்பு போச்சுன்னா எனக்குக் கதவு பக்கத்துல இருக்கு, குதிச்சிருவேன். அவுங்க எங்க குதிப்பாங்க?"

குதிக்கவில்லை அவன். அது தெரியும். ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் கால் மாட்டி முறிந்ததால்தான் ஆஸ்பத்திரி.

அருளப்பனும் வீரணனும் ஒரே ஊராக இருக்கும். விசாரிக்க வேண்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

இணைப்பு தேவைப்படவில்லை. குமுளியில் பாய்க்குத் தெரிந்த ஒருவரிடம் மூன்று ஹோஸ் இருந்தது. பழைய மரை, ஆனால் ரப்பர் புதிது. எங்கிருந்து வந்தது, எந்த வண்டியில் கிடந்தது, ஏன் விற்காமல் வைத்திருந்தார்கள் என்று கேட்டேன். பாய் முதல் தடவையாக முகத்தைச் சுளித்தார். வளைத்துப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள், வேண்டுமானால் கடித்தும் பாருங்கள் என்றார். வளைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. நட்டு விரலாலேயே கடைசி மரை வரை ஏறியது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

லேத்துக்காரர் கோம்பைக்காரர். வீரணன் சில்லமரத்துப்பட்டி. ஒரே ஊர் இல்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பேச்சியம்மாளைப் பார்க்கப் போனேன். தோளில் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தேன். அன்றைக்கு என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல் என்றேன். எஸ்.ஐ.க்கு எழுத உதவும் என்று நினைத்தேன்.

வீரணன் மேலிருந்தே முதல் கியரில்தான் இறக்கினானாம். நடந்துவந்தால்கூடப் பரவாயில்லை, இறங்கி வாருங்கள் என்று இவர்களிடம் கேட்டிருக்கிறான். மழை தூறியது, இவர்கள்தான் மாட்டோம் என்றார்களாம். பிறகு அவள் என்னைப் பார்க்காமல் பழத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"காலையிலயே வண்டி நிக்கணும்னு உங்ககிட்டச் சொன்னானாமே அம்மா? ஆயில் சரியில்லைன்னு?"

எதையோ சொன்னான். தினமும் ஆயிரம் சொல்வான்.

அக்டோபர் 21, திங்கள்

அந்த இன்னொரு டப்பாவைத் திறந்தேன். மருந்தடிக்கும் மெஷினுக்குப் போடும் என்ஜின் ஆயில். அடியில் கொஞ்சம்தான் மீதி இருக்கிறது. போன தை மாதம் பெரிய கேன் ஒழுகியது என்று, காலி பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றி வைத்தேன். நான் எந்த டப்பாவையும் தூக்கிப் போடுகிறவள் இல்லை. ஊற்றியதும் நான், மறந்ததும் நான்.

பாயிடம் நேராகக் கேட்கவில்லை. என்ஜின் ஆயில் பிரேக்குக்குள் போனால் என்ன ஆகும் என்று போகிற போக்கில் கேட்டேன். ரப்பர் உப்பும், ஆயில் திரும்பி வராது, மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டு வண்டி இழுக்காது, டீசலைக் குடிக்கும், ஒரு நாள் வாஷர் மடிந்து பெடல் கீழே போய்விடும் என்றார். சமையல் குறிப்புச் சொல்வது போல வரிசையாகச் சொன்னார்.

டீசலையும் சொன்னார்.

அக்டோபர் 22, செவ்வாய்

புதுப் பைப், புது ஹோஸ், புது ரப்பர் எல்லாம் மாட்டியாயிற்று. வீரணன் கடைந்த நட்டை மட்டும் பாய் மாற்றவில்லை. இதைவிட நல்லது கிடைக்காது என்றார். நான் மறுக்கவில்லை.

ஏர் எடுக்க வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருவர் கீழே படுத்துச் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து, ஆயிலோடு வருகிற காற்றை வெளியே விட வேண்டும். சீல் உடைக்காத டப்பாவை நானே கொண்டுபோயிருந்தேன். பாய் அதை உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றினார். எனக்குச் சுருக்கென்றது, ஆனாலும் அவர் செய்தது சரி.

நான் பெடலில் இருந்தேன். அவர் அடியில் கிடந்தார், முகம் தெரியவில்லை. 26ஆம் தேதி வீரணனும் இப்படித்தான் படுத்துக் கிடந்திருக்கிறான். பிடித்துக்கொண்ட பிரேக்கை விடுவிக்க நிப்பிளைத் திறந்திருக்கிறான். வேறு எதற்கு ஒருத்தன் மண்ணில் படுப்பான்?

"பாய், ஆயில் ஊத்துனது நான்தான்," என்றேன்.

"அமுக்கிப் பிடிங்கம்மா."

பிடித்தேன். கீழே ஆயில் சீறிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது.

"விடுங்க. தெரியும்மா. சாவி உங்க இடுப்புலல்ல கெடக்கு."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நான் சொன்னா வீரணனுக்குப் பரிஞ்சு பேசுறேம்பீங்க. மிதிங்க."

நான்கு சக்கரமும் முடிய ஒரு மணி நேரம் ஆனது.

அக்டோபர் 24, வியாழன்

ஸ்டேஷனுக்குப் போனேன். 26ஆம் தேதி மாலையும் 27ஆம் தேதி காலையும் டிரைவர் வண்டியை நிறுத்தச் சொன்னான், காய் முற்றிக் கொட்டிவிடும் என்று நான்தான் ஓட்டச் சொன்னேன், பிரேக்கில் தவறான ஆயிலை ஊற்றியது நான் என்று எழுதிக் கொடுத்தேன். எஸ்.ஐ. படித்துவிட்டு, கேஸ் உங்கள் மேல் திரும்பும், வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். யோசித்து யோசித்துத்தான் இந்த நிலைமை என்றேன். கையெழுத்துப் போட்டேன். பயமாகத்தான் இருந்தது.

அக்டோபர் 25, வெள்ளி

வீரணன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவன் பெண்டாட்டி எனக்குச் சேர் எடுத்துப் போட்டாள், ஆனால் வாருங்கள் என்று சொல்லவில்லை. எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். டப்பா விஷயத்தையும் டீசல் விஷயத்தையும் சொன்னேன். திருடன் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

நிப்பிளைத் திறந்தபோதே ஆயிலின் நிறத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டதாகச் சொன்னான். தெரிந்தும் மறுநாள் ஏன் வண்டியை எடுத்தாய் என்று கேட்டேன்.

"நான் மாட்டேன்னா கூலிக்கு வேற டிரைவரப் போட்டுருப்பீங்க. அவனுக்கு எந்த வளைவுல மேடு கெடக்குன்னு தெரியாது மதினி."

"ஸ்டேஷன்ல ஏன் என்னையச் சொல்லல?"

அவன் காலைத் தடவிக்கொண்டான்.

"பத்தொம்பது வருசம் கூட இருந்த நீங்களே நம்பலை. அந்தாளு என்னைய நேத்துத்தான் பாக்குறாரு."

மன்னிப்புக் கேட்டேன். சரி என்றான். கால் கூடினதும் வண்டிக்கு வா என்றேன். அதற்குச் சரி என்று சொல்லவில்லை. ஷெட்டுச் சாவியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன். அவன் பெண்டாட்டி அதை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிட்டு, காபி ஆறுகிறது என்றாள்.

அக்டோபர் 28, திங்கள்

ரிப்பேருக்குப் பிறகு வண்டி ஓடிய முதல் நாள். பாய்தான் ஓட்டினார். நேற்றே அவரும் நானும் தேன்பாறை வரை ஏறி இறங்கிப் பார்த்துவிட்டோம். மூன்றாவது வளைவில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். மிதித்த இடத்தில் நிற்கிறது.

காலை ஆறரைக்கு மலையடிவாரத்துச் செக்போஸ்ட் அருகில் பெண்கள் நின்றிருந்தார்கள். பேச்சியம்மாளுக்குப் பதிலாக ஒரு புதுப் பெண், மொத்தம் ஆறு பேர். நான் இறங்கி, போன மாதம் பிரேக் போனதற்கு வீரணன் காரணம் இல்லை, நான்தான் காரணம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். வண்டியில் எதை எதை மாற்றியிருக்கிறோம் என்றும் சொன்னேன். ரப்பர், ஹோஸ், பைப், ஆயில். ஆயில் என்று சொன்னபோது இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். மூன்று வருஷமாக எல்லாரையும் நான் அப்படித்தான் பார்த்து வருகிறேன்.

"அந்த ஆயில யாரும்மா ஊத்துனது?" என்று மூத்தவள் வெள்ளைத்தாய் கேட்டாள்.

பாய் ஊற்றினார் என்றேன். பாயும் தலையை வெளியே நீட்டி, நான்தான் என்றார். அவள் தலையாட்டினாள். பிறகு மரியாதையாகத்தான் சொன்னாள், இன்றைக்குப் பனி நன்றாக இருக்கிறது, நாங்கள் நடந்தே வருகிறோம் என்று. நாலு மைல் ஏற்றம். ஒவ்வொருத்தியாக வந்து தூக்குவாளியை மட்டும் வண்டியின் பின்னால் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்கள்.

பாய் என்னைப் பார்த்தார். அவர்களுக்குப் பின்னாலேயே மெதுவாகப் போங்கள் என்றேன். முன் சீட்டில் ஏறவில்லை. பின்னால் ஏறி, அவர்கள் உட்காரும் பலகையில் உட்கார்ந்தேன். மூன்று வருஷத்தில் நான் அங்கே உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் டிரைவரின் முதுகு தெரிகிறது, பள்ளம் தெரிகிறது, பெடல் தெரிவதில்லை. ஆறு தூக்குவாளியும் சாயாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு போனேன்.